லாஸ்ட் தொடரின் கடைசி சீசன்: ரசிகர்கள் போட்ட கணக்குகளும் கிடைத்த விடைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் 22 முதல் 2010 மே 23 வரை ஆறு சீசன்களாக ஓடிய 'லாஸ்ட்' பற்றி. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்பிய ஓஷியானிக் 815 விமானம் நடுவானில் உடைந்து, பெயர் தெரியாத ஒரு தீவில் விழுகிறது. பிழைத்தவர்களின் கதைதான் தொடர். வெப்பமண்டலக் காட்டில் பனிக்கரடி ஓடிவருகிறது. மரங்களை வேரோடு சாய்த்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உறுமுகிறது. ரேடியோவில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் குரல் 16 வருடங்களாக ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் முதல் இரண்டு எபிசோடுகளுக்குள் வந்துவிடும்.

உருவாக்கியவர்கள் ஜே.ஜே. ஏப்ரம்ஸ், டேமன் லிண்டலாஃப், ஜெஃப்ரி லீபர். கடைசிவரை கதையைக் கொண்டுசென்றவர்கள் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும். படப்பிடிப்பு நடந்தது ஹவாயின் ஓவாஹு தீவில்.

ஆறாவது சீசனுக்கு முன்பும் அது ஓடிக்கொண்டிருந்தபோதும் ரசிகர்கள் என்னென்ன ஊகித்தார்கள், எது பலித்தது, எது பொய்த்தது, எதற்கு இன்னும் விடை இல்லை என்று பலரும் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் கீழே.

ஸ்பாய்லர் இருக்கிறதா?

முழுக்க முழுக்க. கடைசிக் காட்சி வரை சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தத் தொடரின் சுகத்தில் பாதி, தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

கடைசி சீசன் எது என்பது முன்னாலேயே தெரியுமா?

தெரியும். அதனால்தான் இந்தத் தொடரைப் பற்றிய ஊகங்களுக்கு அவ்வளவு வேகம் வந்தது. 2007 மே மாதம் ஏபிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இன்னும் 48 எபிசோடுகள், சீசனுக்கு 16 வீதம் மூன்று சீசன்கள், 2010-ல் கதை முடியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு மூன்று வருடம் முன்கூட்டியே முடிவுத் தேதி குறிப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்போது வழக்கமே இல்லை.

கேட்டு வாங்கியவர்கள் லிண்டலாஃபும் கியூஸும்தான். மூன்றாம் சீசனின் முதல் பாதியை நினைத்துப் பாருங்கள். பிழைத்தவர்களான ஜாக், கேட், சாயர் மூவரும் அடைபட்டுக் கிடக்க, கதை நின்ற இடத்திலேயே நின்றது. ஜாக்கின் கையில் இருக்கும் பச்சை எப்படி வந்தது என்பதற்காக ஒரு முழு எபிசோடு போனது. எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று தெரியாமல் கதை சொல்கிறோம், அதன் விளைவு இதுதான் என்று அவர்களே பிறகு அந்த எபிசோடைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தேதி குறித்தபின் கதைக்கு முதுகெலும்பு வந்தது. அந்த மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடில், கடந்த காலம் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்காலம் என்று தெரியவரும் இடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். (2007-08 எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் சீசன்களின் எபிசோடு எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் ஆனது. 2010 என்ற கெடு மாறவில்லை.)

ரசிகர்களுக்கு இதனால் என்ன ஆயிற்று? அதுவரை 'இழுத்துக்கொண்டே போவார்கள், விடை என்று ஒன்று இருக்கிறதோ இல்லையோ' என்ற சந்தேகம் இருந்தது. கெடு வந்ததும், விடை இருக்கிறது, நமக்கு முன்னால் யாரோ அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையோடுதான் ஆளாளுக்கு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் சீசன் முடிந்தபோது கதை எங்கே நின்றது?

2009 மே 13. அன்றைய கடைசி எபிசோடு இரண்டு பெரிய முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போனது.

முதலாவது, குண்டு. கதையின் ஒரு பகுதியினர் 1977-ல் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். தீவின் அடியில் இருக்கும் மின்காந்த சக்தியை ஒரு ஹைட்ரஜன் குண்டால் அப்போதே அழித்துவிட்டால், பிற்காலத்தில் அந்த விமானமே விழாது, நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும் என்பது இயற்பியலாளன் ஃபாரடேயின் கணக்கு. துளைக்குள் இழுக்கப்பட்டு, எலும்பு நொறுங்கிக் கிடக்கும், அவர்களில் ஒருத்தியான ஜூலியட் ஒரு கல்லை எடுத்துக் குண்டின்மேல் அடிக்கிறாள், மறுபடி அடிக்கிறாள், வெள்ளை வெளிச்சம். வழக்கமாகக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரும் தொடரின் பெயர், அன்று வெள்ளைத் திரையில் கறுப்பாக வந்தது.

இரண்டாவது, பிணம். பிழைத்தவர்களில் ஒருவராக இருந்து பிறகு செத்துப்போன ஜான் லாக் உயிரோடு எழுந்து எல்லோரையும் வழிநடத்திக்கொண்டிருக்கிறார் என்று சீசன் முழுக்க நம்பியிருந்தோம். பெட்டியைத் திறந்து கவிழ்த்தால், மணலில் உருண்டு விழுகிறது லாக்கின் உடல். அப்படியானால் இத்தனை நாள் லாக்காக நடமாடியது யார்?

அடுத்த எபிசோடு வந்தது 2010 பிப்ரவரி 2-ல். நடுவே எட்டரை மாதத்துக்கும் மேல்.

அந்த இடைவெளியில் துப்பு எதுவும் வரவில்லையா?

வந்தது, சாமர்த்தியமாக வந்தது. 2009 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் விழாவில் சில போலி விளம்பரங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில், லாட்டரி அடித்த நாளிலிருந்து துரதிர்ஷ்டம் துரத்தும் ஹர்லி, சிரித்த முகத்தோடு தன் கோழி வறுவல் கடையை விளம்பரம் செய்கிறான். இன்னொன்றில் ஓஷியானிக் நிறுவனம் தன் விமானப் பாதுகாப்பைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்கிறது. 815 விழாத ஓர் உலகத்தின் விளம்பரங்கள் இவை என்று அரங்கிலேயே புரிந்துவிட்டது. 'குண்டு வேலை செய்துவிட்டது' கட்சி அன்றிலிருந்து பலமடைந்தது.

2010 ஜனவரியில், இயேசுவின் கடைசி இரவு உணவு ஓவியத்தைப் போல நடிகர்களை மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்காரவைத்து எடுத்த விளம்பரப் படம் வந்தது. நடுவில், இயேசுவின் இடத்தில் லாக். யூதாஸின் இடத்தில் இருப்பது யார், யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகம் திருப்பியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு அங்குலமாக அலசினார்கள். கதையைப் பொறுத்தவரை அதிலிருந்து உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. நடுவில் இருப்பவர் லாக் இல்லை என்பது ஒன்றுதான் அதில் முக்கியம். அது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அதே மாதம், அதிபர் ஒபாமாவின் வருடாந்தர நாடாளுமன்ற உரை முதல் எபிசோடு ஒளிபரப்பாகும் நாளில் வந்துவிடுமோ என்று ரசிகர்கள் பதறினார்கள். வெள்ளை மாளிகையின் பேச்சாளர் ராபர்ட் கிப்ஸ் பத்திரிகையாளர்கள் முன்னால், 'லாஸ்ட்' தொடருக்கு ஒரு முடிவு தெரியக் காத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அதிபரால் இடைஞ்சல் வரும் என்று தான் நினைக்கவில்லை எனச் சொல்ல வேண்டிவந்தது. உரை ஜனவரி 27-லேயே நடந்து முடிந்தது.

விமானம் விழுந்தபோதே எல்லோரும் செத்துவிட்டார்கள், தீவுதான் நரகம் அல்லது இடைநிலை உலகம், அப்படித்தானே?

இல்லை. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள்மேல் தப்பும் இல்லை.

முதல் சீசனிலேயே தோன்றிய தியரி இது. அப்போதே தயாரிப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் தொடரே அதைச் சாகவிடாமல் வைத்திருந்தது. மூன்றாம் சீசனில் லாக்கின் அப்பா, இது நரகமில்லாமல் வேறென்ன என்று சாயரிடம் கேட்கிறார். ஆறாம் சீசனில், தீவில் வயதே ஆகாமல் வாழும் ரிச்சர்ட் ஆல்பர்ட் 'நாம எல்லாரும் செத்துட்டோம், இது நரகம்' என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போகிறான். இரண்டு பேரும் தப்பாகச் சொல்கிறார்கள் என்பது கதையை ஒட்டிப் பார்த்தால் புரியும்.

கடைசி எபிசோடில் ஜாக்கின் அப்பா கிறிஸ்டியன் தெளிவாகவே சொல்கிறார்: நடந்ததெல்லாம் உண்மையில் நடந்தது, எல்லோரும் ஒருநாள் சாகிறார்கள், சிலர் உனக்கு முன்னால், சிலர் உனக்கு வெகுகாலத்துக்குப் பின்னால். தீவில் நடந்தது நிஜ வாழ்க்கை. தேவாலயத்தில் கூடியிருப்பதுதான் சாவுக்குப் பின்.

பிறகு ஏன் இவ்வளவு குழப்பம்? முடிவில் பெயர்கள் ஓடும்போது, கடற்கரையில் ஆளில்லாமல் கிடக்கும் விமானச் சிதைவுகள் காட்டப்பட்டன. கதையிலிருந்து செய்திக்குத் தாவுவதற்கு முன் பார்ப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று ஏபிசி சேர்த்த காட்சிகள் அவை. கதை எழுதியவர்கள் வைத்த முடிவில் அவற்றுக்கு இடம் இல்லை. ஆனால் ஆறு வருடம் ஒவ்வொரு பிரேமையும் துப்பாகப் பார்க்கப் பழகிய கூட்டம், 'ஆள் யாருமே இல்லை, அப்படியானால் யாருமே பிழைக்கவில்லை' என்று படித்துவிட்டது. நல்ல நோக்கத்தில் செய்த ஒரு சின்ன ஒட்டு வேலை, ஆறு வருட உழைப்பின்மேல் இன்றுவரை அழியாத கறையாக உட்கார்ந்துவிட்டதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆறாம் சீசனின் 'பக்கவாட்டு உலகம்' பற்றி ரசிகர்கள் என்ன நினைத்தார்கள்?

சீசன் முழுக்க நடந்த பெரிய வாக்குவாதம் இது. முதல் எபிசோடு விமானத்துக்குள் தொடங்குகிறது. குலுங்குகிறது, விழவில்லை. கேமரா மேகத்தைக் கடந்து கீழே இறங்கி, கடலுக்குள் போய், மூழ்கிக் கிடக்கும் தீவைக் காட்டுகிறது. அங்கிருந்து கதை இரண்டு தடங்களில் ஓடியது: ஒன்றில் தீவு, மற்றொன்றில் விமானம் பத்திரமாக இறங்கிய லாஸ் ஏஞ்சலிஸ்.

பெரும்பான்மைக் கட்சி சொன்னது: குண்டு வெடித்தது, வரலாறு இரண்டாகப் பிரிந்தது, கடைசியில் இரண்டும் சேரும். சிறுபான்மைக் கட்சி ஒன்று, இது லாக்கின் உருவத்தில் தீவில் நடமாடும் தீயவனின் ஆசைகாட்டல், அவன் ஜெயித்தால் கிடைக்கப்போகும் உலகத்தை முன்கூட்டியே காட்டுகிறார்கள் என்றது. இரண்டும் பொய்த்தன. அவரவர் வெவ்வேறு காலத்தில் செத்தபின், ஒருவரையொருவர் தேடிக்கொள்ள அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட இடம் அது என்பதே விடை.

இங்கே ஓர் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் சீசன் விமானக் காட்சியில் பணிப்பெண் சிண்டி, ஜாக்குக்கு இரண்டு சின்ன மது பாட்டில்களைக் கொடுப்பாள். ஆறாம் சீசனில் அதே காட்சியில் ஒன்றுதான் கொடுக்கிறாள். ஜாக் கழிவறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்க்கிறான். கழுத்தில் ரத்தம் கசியும் ஒரு கீறல், எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது. பாட்டில் கணக்கை வைத்து 'வரலாறு மாறிவிட்டது' என்று நிரூபித்தவர்கள் ஏராளம். கழுத்துக் கீறலைக் கையில் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கீறலில்தான் விஷயம் இருந்தது. கடைசி எபிசோடில் பாறைமேல் நடக்கும் சண்டையில், லாக் உருவத்தில் இருப்பவன் கத்தியை அழுத்துவது ஜாக்கின் கழுத்தில்தான். ஆக, விமானத்தில் உட்கார்ந்திருக்கும் ஜாக் தீவில் வாழ்ந்து முடித்துவிட்ட ஜாக். 2010 பிப்ரவரி 2-ம் தேதியே அதைக் காட்டிவிட்டார்கள்.

இன்னொரு இடம் இதைவிட அழகு. அதே முதல் எபிசோடில் ஜூலியட் சாயரின் மடியில் சாகிறாள். நினைவு தப்பிய நிலையில், நாம ஒருநாள் காபி சாப்பிடப் போகலாம், அவங்கவங்க காசை அவங்கவங்க கொடுத்துக்கலாம் என்று உளறுகிறாள். இன்னும் ஏதோ முக்கியமாகச் சொல்ல வாயெடுக்கிறாள், உயிர் போய்விடுகிறது. செத்தவர்களின் மனதைப் படிக்கத் தெரிந்த மைல்ஸ் அவள் புதைகுழிமேல் நின்று அது என்னவென்று சொல்கிறான்: 'வேலை செஞ்சிடுச்சு.' குண்டுதான் வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினோம். கடைசி எபிசோடில், மருத்துவமனை நடைவழியில் சாயர் தானியங்கி இயந்திரத்தில் பணம் போடுகிறான், சாக்லேட் பாதியில் சிக்கிக்கொள்கிறது. அங்கே வரும் ஜூலியட், பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் விழுந்துவிடும் என்கிறாள். அவன் பிடுங்குகிறான், விளக்கு அணைகிறது, சாக்லேட் விழுகிறது. அவள் சொல்கிறாள்: 'வேலை செஞ்சிடுச்சு.' பிறகு காபி. பிறகு அவங்கவங்க காசு.

செத்துக்கொண்டிருந்தவளின் உளறல் அடுத்த உலகத்தில் அவள் பேசிக்கொண்டிருந்த பேச்சு. இரண்டு எபிசோடுகளுக்கும் நடுவே நாலு மாதம். எழுத்தாளர்கள் போகிறபோக்கில் கதை கட்டினார்கள் என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஒரு காட்சியைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

நாலு விரல் சிலை யாருடையது என்று யாராவது சரியாகச் சொன்னார்களா?

சொன்னார்கள், அதுவும் முறையாக. இரண்டாம் சீசன் முடிவில் சயீத், சன், ஜின் மூவரும் படகில் போகும்போது கடலோரத்தில் ஒரு பிரம்மாண்டமான கல் பாதம் தெரியும், அதில் நாலே விரல்கள். ஐந்தாம் சீசனில் சிலையின் முதுகுப்புறம் முழுதாகத் தெரிந்தது. எகிப்தியக் கடவுள்களின் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு அனுபிஸ், சோபெக், தவெரெத் என்று மூன்று கட்சிகளாகப் பிரிந்தார்கள். நீர்யானை உடம்போடு பிரசவத்துக்குக் காவலாக நிற்கும் தெய்வம் தவெரெத். தீவில் கருவுற்ற பெண்கள் பிரசவத்துக்கு முன்பே சாகிறார்கள் என்பதோடு அதைப் பொருத்திப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள். 1867-ல் பேரலை தூக்கிவந்த 'பிளாக் ராக்' கப்பல் மோதித்தான் சிலை உடைந்தது என்பதும் ஆறாம் சீசனில் தெரிந்தது.

குகையில் கிடந்த 'ஆதாம்-ஏவாள்' எலும்புக்கூடுகள்?

அதிகமான பெயர்கள் அடிபட்ட புதிர் இது. முதல் சீசனின் ஆறாவது எபிசோடில் குகைக்குள் இரண்டு எலும்புக்கூடுகள், பக்கத்தில் ஒரு பையில் கறுப்புக் கல் ஒன்று, வெள்ளைக் கல் ஒன்று. லாக்தான் அவர்களுக்கு ஆதாம், ஏவாள் என்று பெயர் வைக்கிறான். தொடரில் காலப் பயணம் நுழைந்ததும் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ரோஸும் பெர்னார்டும் என்றார்கள், ஜாக்கும் கேட்டும் என்றார்கள், சாயரும் ஜூலியட்டும் என்றார்கள். தங்கள் எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்ற எண்ணமே சிலிர்க்கவைத்தது.

2010 மே 11-ல் விடை வந்தது: ஒரு கிழத் தாயும், அவள் வளர்த்த, கடைசிவரை பெயர் சொல்லப்படாத கறுப்பு உடைக்காரனும். கற்கள், அவனும் அவன் சகோதரனான, தீவின் காவலன் ஜேக்கப்பும் சிறுவயதில் விளையாடிய ஆட்டத்தின் காய்கள். பலருக்கு ஏமாற்றம். ஐந்தரை வருடமாகக் காத்திருந்த புதிருக்கு, அந்த எபிசோடில்தான் முதன்முறையாகப் பார்க்கும் ஒருத்தியை விடையாகத் தந்தால் எப்படி? நானும் அந்த ஏமாற்றத்தில் பங்கு உள்ளவன். ரோஸ்-பெர்னார்ட் விடை மனதுக்கு எவ்வளவோ நிறைவாக இருந்திருக்கும்.

ஆனால் கற்களைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு மரியாதை செய்தே ஆக வேண்டும். இரண்டாவது எபிசோடிலேயே லாக், சிறுவன் வால்ட்டுக்கு பேக்கேமன் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும்போது சொல்வான்: இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு பக்கங்கள், ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. அந்த ஒரு வசனத்தின் மேல் மொத்தத் தியரியையும் கட்டியவர்கள் இருந்தார்கள். ஜேக்கப் என்ற பெயரைத் தொடர் உச்சரிப்பதற்கு முன்பே, தீவில் இரண்டு பேர் எல்லோரையும் காய்களாக வைத்து ஆடுகிறார்கள் என்றார்கள். ஆறாம் சீசனில் பாறைக் குகையில் ஒரு தராசு, தட்டுக்கு ஒன்றாகக் கறுப்பும் வெள்ளையும். கறுப்பு உடைக்காரன் வெள்ளைக் கல்லை எடுத்துக் கடலில் வீசுகிறான். அப்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

4, 8, 15, 16, 23, 42. இந்த எண்களுக்கு என்னதான் அர்த்தம்?

கதைப்படி, ஜேக்கப் தனக்குப் பின் தீவைக் காக்கத் தகுதியானவர்கள் என்று வைத்திருந்த பட்டியலில் கடைசிவரை மிஞ்சியவர்களின் வரிசை எண்கள். 4 லாக், 8 ஹர்லி, 15 சாயர், 16 சயீத், 23 ஜாக், 42 குவான். இந்தக் குவான் ஜின்னா, சன்னா என்பது கடைசிவரை தீரவில்லை.

இந்த விடை பலருக்குப் போதவில்லை, எனக்கும்தான். ஹர்லியின் லாட்டரிச் சீட்டிலும், தீவில் இருக்கும் நிலவறைக் கதவின் பக்கவாட்டிலும், விமான நிலையத்தில் ஓடும் ஹர்லியைக் கடந்துபோகும் விளையாட்டுக் குழுப் பெண்களின் பனியன்களிலும் ஒரே எண்கள் ஏன் வர வேண்டும்? ஜேக்கப்புக்கு எண்கள்மேல் ஒரு பிரியம் என்று கறுப்பு உடைக்காரன் சொல்வதோடு சரி. 2006-ல் இணையத்தில் நடத்திய துணை விளையாட்டு ஒன்றில், மனித இனத்தின் அழிவு நாளைக் கணிக்கும் 'வலென்செட்டி சமன்பாட்டின்' காரணிகள் இவை என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதை நம்பிக் கணக்குப் போட்டவர்களைக் கடைசி சீசன் அப்படியே கைவிட்டது. தொடருக்குள் யாரும் அந்தச் சமன்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

எண்களின் கூட்டுத்தொகை 108. நிலவறையில் பொத்தானை 108 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். அதைக் கட்டிய ஆராய்ச்சி அமைப்பின் பெயர் தர்மா, அவர்களுடைய படங்களில் வரும் வணக்கம் 'நமஸ்தே'. நூற்றெட்டுப் போற்றி சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் காது விடைக்கத்தான் செய்யும். ஆனால் தொடர் அந்தப் பக்கம் ஆழமாகப் போகவே இல்லை. தீவின் கலங்கரை விளக்கத்தில் 360 பாகைகளுக்கும் பெயர் எழுதிய சக்கரத்தை 108-க்குத் திருப்பும்படி ஜேக்கப் சொல்வான். அந்த இடத்தில் 'வாலஸ்' என்ற பெயர் அடிக்கப்பட்டிருக்கும். யார் அந்த வாலஸ்? ஒருவரும் இல்லை. ஜாக் கண்ணாடிகளை உடைத்ததோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

கரும்புகை பற்றிய கணிப்புகள்?

முதல் எபிசோடுகளில் மரங்களைச் சாய்த்து உறுமியது இந்தக் கரும்புகைதான். நானோ எந்திரங்களின் கூட்டம் என்பது பிரபலமான தியரி. தீவின் பாதுகாப்பு அமைப்பு என்று தொடரிலேயே ஒருத்தி சொல்லியிருந்ததால், யாரோ செய்துவைத்த இயந்திரம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு காலத்தில் மனிதனாக இருந்தது, செத்தவர்களின் உருவம் எடுக்கும் என்று சொன்னவர்கள் சரியாகச் சொன்னார்கள். அந்தக் கறுப்பு உடைக்காரன்தான் அது. லாக்காக நடமாடியதும் அதுவே. டெரி ஓ'க்வின் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வேறு ஆட்களாக நின்றது இந்தத் தொடரின் பெரிய சாதனை. நல்ல லாக்கின் தோள்கள் கொஞ்சம் தொங்கியே இருக்கும், மற்றவன் நிமிர்ந்து நடப்பான். கவனித்துப் பாருங்கள்.

ஜேக்கப்பின் இடத்துக்கு யார் வருவார் என்று கணித்தார்கள்?

பெரும்பாலோர் ஜாக் என்றார்கள். பாதி சரி. கடைசிக்கு முந்தைய எபிசோடில் ஜாக் அந்தப் பொறுப்பை ஏற்கிறான், கடைசி எபிசோடில் ஹர்லியிடம் கொடுத்துவிட்டுச் சாகிறான். ஹர்லி என்று முன்கூட்டியே சொன்ன கொஞ்சம் பேருடைய வாதம் எளிமையானது: இந்தக் கூட்டத்திலேயே அதிகாரத்துக்கு ஆசைப்படாதவன், பசித்தவனுக்குச் சோறு பங்கிட்டவன் அவன் ஒருத்தன்தான். ஜேக்கப்பின் பட்டியலில் கேட்டின் பெயர் ஏன் அடிக்கப்பட்டது என்றும் நிறையக் கேள்வி எழுந்தது. அவள் கிளேரின் குழந்தைக்குத் தாயாகிவிட்டதால் என்று ஜேக்கப்பே சொல்கிறான். அது வெறும் சுண்ணாம்புக் கோடு, வேண்டுமானால் அந்தப் பொறுப்பை நீயும் எடுத்துக்கொள் என்றும் சொல்கிறான். சீசன் முழுக்க அந்தக் கோடுகளை விதியாக நினைத்து ஆராய்ந்தவர்களுக்கு அது ஒரு குட்டு.

ரசிகர்கள் பேசுவதைக் கேட்டுக் கதையை மாற்றியது உண்டா?

உண்டு. பிழைத்தவர்கள் நாற்பதுக்கும் மேல், நாம் பார்ப்பது பதினைந்து பேரை, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ரசிகர்கள் கேட்டதால் மூன்றாம் சீசனில் நிக்கி, பௌலோ என்ற ஜோடியை நுழைத்தார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. அதே சீசனில் இருவரையும் உயிரோடு புதைத்துக் கதையை முடித்தார்கள். லிண்டலாஃபும் கியூஸும் தாங்களே நடத்திய பாட்காஸ்டில் ரசிகர்களின் கேள்விகளுக்குத் தொடர்ந்து பதில் சொன்னார்கள். ஆனால் முடிவைப் பொறுத்தவரை வெளிக்காற்று பட்டு மாறியதற்கு எந்த அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. ஜாக்கின் கண் திறப்பதில் தொடங்கிய கதை அதே மூங்கில் காட்டில் அவன் கண் மூடுவதில் முடிந்தது.

கடைசிவரை விடை கிடைக்காதவை எவை?

நிறைய. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. தீவின் அடியில் இருக்கும் அந்த ஒளி என்ன என்பதற்கு விளக்கம் இல்லை. அது இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை, விளக்கியிருந்தால்தான் கெட்டிருக்கும். தொடரே கையில் எடுத்து, முடிச்சுப் போட்டு, அவிழ்க்காமல் போட்டுவிட்டுப் போனவை வேறு. அவற்றுக்குக் கணக்குக் கேட்க ரசிகர்களுக்கு முழு உரிமை உண்டு.

படகுச் சண்டைதான் எனக்கு முதல் வழக்கு. ஐந்தாம் சீசனில் காலத்தில் தாவிக்கொண்டிருக்கும் சாயர் கூட்டம் ஒரு துடுப்புப் படகில் போகும்போது, பின்னால் வரும் இன்னொரு படகிலிருந்து சுடுகிறார்கள். ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள், யார்மேலோ படுகிறது. அடுத்த நொடி இவர்கள் வேறு காலத்துக்குப் போய்விடுகிறார்கள். இவர்களின் படகில் கிடந்த தண்ணீர் பாட்டில் அஜிரா விமான நிறுவனத்துடையது, ஆகவே அந்தச் சண்டை கதையின் பிற்பகுதியில் எங்கோ நடக்க வேண்டும். பின்னால் வந்த படகில் இருந்தது யார் என்பது ஆறாம் சீசனில் வந்தே தீரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவே இல்லை.

பிழைத்தவர்களில் ஒருத்தியான லிபி ஏன் ஹர்லியோடு அதே மனநல மருத்துவமனையில் இருந்தாள்? விடை இல்லை. கரும்புகையால் தண்ணீரைக் கடக்க முடியாது என்றால், கப்பலில் வால்ட்டின் அப்பா மைக்கேலுக்கும் லாஸ் ஏஞ்சலிஸில் ஜாக்குக்கும் கிறிஸ்டியனாகத் தெரிந்தது யார்? இதற்கும் இல்லை. வால்ட்டின் விசேஷ சக்தி பாதியில் விடுபட்டதற்குக் கதைக்கு வெளியே ஒரு காரணம் உண்டு. கதையில் சில வாரங்கள் போவதற்குள் நடித்த பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான்.

முடிந்தபிறகு வேறு ஏதாவது வெளியானதா?

2010 ஆகஸ்டில் டிவிடி தொகுப்போடு சுமார் 12 நிமிடப் பின்கதை ஒன்று வந்தது. தீவின் புதுப் பொறுப்பாளன் ஹர்லிக்கு உதவியாளனாக இருக்கும் பென், குவாமில் உள்ள தர்மாவின் கிடங்குக்குப் போகிறான். அமைப்பே அழிந்து பல வருடமாகியும், அங்கே இரண்டு பேர் இன்னும் தீவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வானிலிருந்து சாப்பாடு விழுந்தது எப்படி, பனிக்கரடி எதற்கு, ஹர்லியின் பெயர் சொல்லிக் கத்திய பறவை எது என்பதற்கெல்லாம் அதில் பதில் உண்டு. பிறகு பென் ஒரு மனநல மருத்துவமனைக்குப் போய் வால்ட்டைப் பார்க்கிறான். வெளியே வண்டியில் ஹர்லி காத்திருக்கிறான். தீவில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். கடைசி எபிசோடு முடிந்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள், வால்ட் விஷயத்தில் இருக்கும் கோபம் பாதியாவது தணியும்.